கணினிக்குள் இன்னுமொரு களஞ்சியம்



வீடு கட்டுவோர் வாழும் அறைகளைப் பற்றி நெடுநாள் ஆலோசிப்பர்; பொருள்களை வைக்கும் அறையைப் பற்றிக் கடைசியிலேயே எண்ணுவர். குடிபுகுந்து ஓராண்டு கழியுமுன் பெட்டிகளும் பழைய புத்தகங்களும் மூலைகளை நிறைத்துவிட, இன்னும் ஓர் அறை இருந்திருக்கலாமே என்ற எண்ணம் எழும். மேசைக் கணினி வாங்குவோர் நிலையும் பெரும்பாலும் இதுவே. வாங்கும்போது பொறியின் வேகத்தையும் திரையின் அளவையும் விசாரிக்கிறோம். அதனுள்ளே எவ்வளவு இடம் உண்டு என்பதனை, இடம் தீர்ந்துபோன பின்னரே விசாரிக்கிறோம்.

வின்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு வழங்கப்பட்டு வந்த பொதுவான ஆதரவு 2025 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 14 ஆம் திகதியுடன் முடிவெய்தியது. பழைய கணினிகள் பல அதன் அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி இல்லாதன. ஆகையால், பழைய பொறி நன்றாக இயங்கிக்கொண்டிருந்தபோதிலும் புதியதொன்றை வாங்கும் நிலைக்குப் பலர் உள்ளாயினர். அப் புதிய கணினிகளுட் பல 256 அல்லது 512 கிகாபைற்று அளவான ஒரேயொரு சேமிப்பகத்துடன் வருகின்றன. பணிசெயல் முறைமையும் மென்பொருள்களும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பின்பு, பத்தாண்டுக் குடும்பப் படங்களையும் பிள்ளைகளின் காணொளிப் பதிவுகளையும் எஞ்சிய இடத்தில் அடக்க முயல்வது, வயல் முழுவதன் விளைச்சலை ஒரு சாக்கில் அடைக்க முயல்வது போன்றதே. ஆகவே, புதிய கணினிக்கு மேலதிகச் சேமிப்பகம் ஒன்றை எவ்வாறு பூட்டுவது, பூட்டியபின் அதனை எவ்வாறு பயன்கொள்வது என்பன பற்றி இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

இவ் விடயத்தில் மூன்று வினாக்களை மனத்திற் கொண்டாற் போதும். வைக்க இடம் உண்டா? இயக்க வலு உண்டா? வைத்ததற்குப் பிரதி உண்டா? முதலிரு வினாக்களையும் கடைக்காரரே நம்மிடம் கேட்பார். மூன்றாவது வினாவைக் கேட்போர் அரியர். ஆயின், ஈடுசெய்ய முடியாத இழப்பு நேர்வது பெரும்பாலும் அந்த மூன்றாவது வினாவுக்கு விடை இல்லாத வீடுகளிலேதான்.

சேமிப்பகம் என்பது எங்கிருந்து எங்கு வந்துள்ளது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 1956 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் ‘றமாக்’ என்னும் கணிப்பொறியோடு உலகின் முதலாவது வன்தட்டுச் சேமிப்பகத்தை வெளியிட்டது. கலிபோர்ணியா மாநிலத்துச் சான் ஹோசே நகரில் ஆக்கப்பெற்ற அச் சாதனத்தில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் ஓர் அச்சிற் சுழன்றன. அதன் நிறை ஏறத்தாழ ஒரு தொன். அதில் எழுதி வைக்கக் கூடியனவாய் இருந்தவையோ 50 இலட்சம் எழுத்துகள் மாத்திரமே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படமே பலவேளைகளில் 3 அல்லது 4 மெகாபைற்று இடம் கொள்கிறது. அஃதாவது, ஒரு தொன் நிறையுள்ள அந்தப் பொறி முழுவதும் நம் வீட்டுப் படம் ஒன்றுக்கே சரியாகும். 1983 ஆம் ஆண்டில் அதே நிறுவனம் ‘பீ.சீ. எக்ஸ்.ரீ.’ என்னும் மேசைக் கணினியை 10 மெகாபைற்று வன்தட்டுடன் வெளியிட்டது. இன்று ஒரு கையால் எடுக்கத்தக்க சிறு பெட்டியில் அதனைப்போல் நான்கு இலட்சம் மடங்கு, அஃதாவது 4 டெராபைற்று, அடங்குகிறது. இடம் பெருகப் பெருக அதனை நிரப்பும் நம் வல்லமையும் உடன் பெருகி வந்ததே அன்றி, இடம் போதும் என்று சொல்லும் காலம் வரவில்லை.

இன்று மேசைக் கணினிக்குச் சேர்க்கத்தக்க சேமிப்பகங்கள் இரு இனத்தன. ஒன்று, கடைகளில் ‘ஹார்ட் டிஸ்க்’ என வழங்கும் வன்தட்டு. காந்தப் பூச்சுடைய தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல, மயிரிழையினும் மிக நுண்ணிய இடைவெளியில் அவற்றின் மேல் மிதக்கும் தலையொன்று எழுதியும் வாசித்தும் செல்லும். கிராமபோன் தட்டின்மீது ஊசி செல்வதை இதற்கு ஓரளவு ஒப்பிடலாம். ஆனால், இங்கே தலை தட்டைத் தொடுவதில்லை. தொட்டால் தட்டும் கெடும், அதில் எழுதியிருப்பனவும் கெடும். ஆதலால் இயங்கிக்கொண்டிருக்கும் வன்தட்டை அசைத்தலும் தட்டுதலும் ஆகா.

மற்றையது எஸ்.எஸ்.டீ. என வழங்கும் திண்மநிலைச் சேமிப்பகம். இதிற் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. நுண்ணிய சிலிக்கன் கலங்களிலே மின்னேற்றத்தைச் சிறைப்படுத்தி வைப்பதே இதன் முறை. 1980களில் யப்பானியப் பொறியியலாளர் பூஜியோ மசுவோக்கா, தொஷிபா நிறுவனத்திற் பணிபுரிந்த காலத்தில் ஆக்கிய ‘பிளாஷ்’ நினைவகமே இதற்கு அடிப்படை. வேகத்தில் இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெரிது. வன்தட்டு ஒன்று செக்கனுக்கு ஏறத்தாழ 150 முதல் 250 மெகாபைற்று வரை தரும். திண்மநிலைச் சேமிப்பகமோ அதன் வகைக்கேற்ப 500 முதல் 7000 மெகாபைற்று வரையும், அதற்கு மேலும் தரும். ஆயினும், ஒரே பணத்துக்கு அதிக இடம் தருவது வன்தட்டே. சமையலறையிற் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள தட்டுக்கும், பின்புறத்தில் உள்ள நெற்களஞ்சியத்துக்கும் வெவ்வேறு பயன் உண்டல்லவா? பணிசெயல் முறைமையும் நாள்தோறும் திறக்கும் மென்பொருள்களும் விரைவான திண்மநிலைச் சேமிப்பகத்தில் இருத்தல் நன்று. படங்கள், ஒலிப்பதிவுகள், காணொளிகள் ஆகிய பெருந்தொகுதிகள் வன்தட்டில் இருந்தாற் குறையொன்றும் இல்லை.

இனி முதலாவது வினாவுக்கு வருவோம். வைக்க இடம் உண்டா? இங்கே இடம் என்பதனை இருவகையாகக் கொள்ளல் வேண்டும். சேமிப்பகத்தின் உடல் பொருந்தி இருக்கும் இடம் ஒன்று. அது தாய்ப்பலகையோடு தொடுக்கப்படும் குதை மற்றொன்று. மேசைக் கணினிக்கென வரும் வன்தட்டுகள் 3.5 அங்குல வகையின. அவற்றைத் தாங்கும் உலோகக் கூடு கணினிப் பெட்டியினுள் இருத்தல் வேண்டும். புதிய பெட்டிகளுட் சில, கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்குகளும் உடையனவாய்க் கண்ணைக் கவரினும், வன்தட்டுக்கு ஓர் இடமே வைத்திருக்கும். மிகச் சிறிய பெட்டிகளில் அந்த ஓர் இடமும் இராது. 2.5 அங்குலத் திண்மநிலைச் சேமிப்பகம் தட்டையானது, பாரமற்றது. அதனைப் பெட்டியின் பின்புறத் தகட்டிலும் பூட்டலாம்.

குதைகளை எடுத்துக்கொண்டால், இன்று பெரிதும் காணப்படுவன இரண்டு. முதலாவது சாட்டா எனப்படும் முறை. 2003 ஆம் ஆண்டளவில் வழக்குக்கு வந்த இது, அதற்கு முன்பு இருந்த அகன்ற நாடா வடத்தைப் படிப்படியாக நீக்கியது. பழைய முறையில் ஒரே வடத்தில் இரண்டு சேமிப்பகங்களைக் கோத்து, அவற்றுள் எது தலைமை, எது துணை என்று சிறு செருகிகளால் வகுத்தல் வேண்டும். சாட்டா முறையில் அத் தொல்லை இல்லை. ஒரு குதைக்கு ஒரு வடம், ஒரு வடத்துக்கு ஒரு சேமிப்பகம். தாய்ப்பலகையில் இத்தகைய குதைகள் பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வரை இருக்கும். அவற்றுள் எத்தனை வெறுமையாக உள்ளன என்று எண்ணிப் பார்த்தால், எத்தனை சேமிப்பகங்களைச் சேர்க்கலாம் என்பது விளங்கும்.

இரண்டாவது எம்-2 என்னும் குதை. இதிற் பொருந்துவது 22 மில்லிமீற்றர் அகலமும் பெரும்பாலும் 80 மில்லிமீற்றர் நீளமும் உள்ள மெல்லிய பலகை. வடம் எதுவும் வேண்டாது தாய்ப்பலகையிலேயே அது படுத்துக்கொள்ளும். இங்கே இரு நுட்பங்களைக் கவனித்தல் வேண்டும். ஒன்று, எம்-2 என்பது வடிவத்தின் பெயரே அன்றி வேகத்தின் பெயர் அன்று. ஒரே வடிவில் சாட்டா வகையும் உண்டு, அதனினும் பன்மடங்கு விரைவான என்.வி.எம்.ஈ. வகையும் உண்டு. சில குதைகள் இரண்டையும் ஏற்கும்; சில ஒன்றை மாத்திரமே ஏற்கும். மற்றொன்று, சில தாய்ப்பலகைகளில் எம்-2 குதை நிரம்பியதும் சாட்டாக் குதைகளுள் ஒன்றோ இரண்டோ தாமாகவே செயலற்றுப்போகும். இரண்டும் உள்ளே ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்வதே இதற்குக் காரணம். புதிய சேமிப்பகத்தைப் பூட்டியதும் பழையது காணாமற் போய்விட்டதே என்று கலங்குவோர் பலர். அங்கே எதுவும் பழுதாகவில்லை. வடத்தை வேறொரு குதைக்கு மாற்றினாற் பழையது மீண்டும் தோன்றும். இவை யாவும் தாய்ப்பலகையின் கைந்நூலில் எழுதப்பட்டிருக்கும். கைந்நூல் கைவசம் இல்லையெனின், பலகையில் அச்சிட்டுள்ள மாதிரி எண்ணைக் கொண்டு உற்பத்தியாளரின் இணையத்தளத்திற் பெறலாம். பணம் கொடுக்குமுன் அந்த ஒரு பக்கத்தை வாசித்தல் பின்னர் இருமுறை கடைக்கு நடப்பதைத் தவிர்க்கும்.

இரண்டாவது வினா, இயக்க வலு உண்டா என்பது. 3.5 அங்குல வன்தட்டு சீராகச் சுழலும்போது ஏறத்தாழ 5 முதல் 10 உவாற்று வரையே கொள்ளும். ஆனால், ஓய்ந்திருந்த தட்டு சுழலத் தொடங்கும் அச் சில செக்கன்களில் 20 உவாற்றுக்கு மேலும் வேண்டப்படலாம். நின்ற வண்டியைத் தள்ளத் தொடங்குவதற்கே அதிக பலம் வேண்டும் என்பது நாம் அறிந்ததே. ஒன்றிரண்டு வன்தட்டுகளைச் சேர்ப்பதால் நல்ல மின்வழங்கி திணறப்போவதில்லை. நடைமுறையில் நேரும் இடையூறு வேறு: சேமிப்பகத்துக்கு மின் கொடுக்கும் செருகி போதாமற் போவது. ஆயத்தமாகக் கட்டப்பட்டு விற்பனைக்கு வரும் கணினிகளுட் சில, ஒன்றிரண்டு செருகிகளே உடையன. அப்போது ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் கிளை வடம் வாங்க நேரும். விலை குறைந்த வார்ப்பு வகைக் கிளை வடங்களுட் சில உள்ளே மின்கம்பிகள் நெருங்கி உருகித் தீப்பற்றியதுண்டு. ஆகவே, இதில் மலிவை நாடுதல் கூடாது.

இதனினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. வேண்டிய வடங்களை மாத்திரம் செருகிக்கொள்ளும் வகையான மின்வழங்கிகள் இன்று பெருகியுள்ளன. அவற்றின் வடங்கள் சேமிப்பகத்தின் பக்கத்தில் யாவும் ஒரே அமைப்பின. ஆனால், மின்வழங்கியின் பக்கத்தில் அவற்றுக்குப் பொது நியமம் இல்லை. ஒவ்வோர் உற்பத்தியாளரும் தத்தமக்கு ஏற்றவாறு கம்பிகளை ஒழுங்குபடுத்துவர். ஒரே உற்பத்தியாளரின் இரு மாதிரிகளுக்கிடையேயும் வேறுபாடு இருக்கலாம். வீட்டிற் கிடந்த பழைய மின்வழங்கியின் வடம் புதியதன் குதையில் அழகாகப் பொருந்திவிடும். பொருந்திவிட்டதே என்று ஆளியை அழுத்தினால், 5 உவோற்று செல்ல வேண்டிய கம்பியில் 12 உவோற்று சென்று சேமிப்பகம் அக் கணமே எரிந்துபோகும். அவ்வடத்திற் பல சேமிப்பகங்கள் கோத்திருப்பின் அவை யாவும் ஒருங்கே அழியும். ஆதலின், மின்வழங்கியோடு வந்த வடத்தையன்றிப் பிறிதொன்றை அதனோடு சேர்க்கலாகாது. பொருந்துவது எல்லாம் உரியது அன்று என்னும் இந்த ஒரு விதியை மறவாதிருத்தல் வேண்டும்.

இனிப் பூட்டும் முறை. புதிய கணினியின் பெட்டியில் உத்தரவாத முத்திரை ஒட்டியிருப்பின், அதனை உடைக்குமுன் விற்றவரிடம் கேட்டு அறிதல் முறை. பின்னர்க் கணினியை முறைப்படி நிறுத்தி, மின்வடத்தைச் சுவரிலிருந்து கழற்றி, ஆளியை ஒருமுறை அழுத்தி உள்ளே எஞ்சிய மின்னையும் போக்குதல் வேண்டும். பெட்டியின் பூச்சற்ற உலோகப் பகுதியைக் கையால் தொட்டு, உடம்பில் தேங்கிய நிலைமின்னை நீக்கிக்கொள்ளுதல் நன்று. வன்தட்டை அதன் கூட்டில் வைத்துத் திருகாணிகளை இறுக்குக. 3.5 அங்குல வகைக்குரிய திருகாணி சற்றுத் தடித்தது; 2.5 அங்குல வகைக்குரியது மெல்லியது. ஒன்றை மற்றொன்றின் துளையில் வலிந்து திருகினாற் புரி அழிந்துபோகும். சாட்டாச் செருகிகள் ஆங்கில எல் எழுத்தின் வடிவில் ஒரு மூலை வளைந்தவை. ஆதலால், ஒரு பக்கமாக மாத்திரமே நுழையும். நுழையாவிடின் திருப்பிப் பார்க்க வேண்டுமே அன்றி வலிந்து அழுத்தலாகாது. எம்-2 பலகையைச் சரிவாகக் குதையில் நுழைத்து, மெல்லப் படியவைத்து, மறுநுனியிற் சிறு திருகாணியால் நிறுத்துக. அச் சிறு திருகாணி பெரும்பாலும் தாய்ப்பலகையோடு தனி உறையில் வரும். கணினி வாங்கும்போது வந்த சிறு உறைகளை வீசிவிடாதிருத்தல் இதனால் நன்று.

பூட்டி முடித்துக் கணினியை இயக்கியதும், புதிய சேமிப்பகத்தைப் பட்டியலிற் காணாது பலர் ஏமாற்றம் அடைவர். அதில் ஏமாற்றத்துக்கு இடமில்லை. புதிதாய் வாங்கிய வயலுக்கு வரம்பு கட்டாமல் விதைக்க இயலாதவாறு போல, வெறுமையான சேமிப்பகத்துக்கும் முதலில் வரம்பு வகுத்தல் வேண்டும். வின்டோஸ் முறைமையில் ‘டிஸ்க் மனேஜ்மன்ற்’ என்னும் வட்டு முகாமைத்துவப் பகுதியைத் திறந்தால், புதிய சேமிப்பகத்தைத் தொடக்கி வைக்கலாமா என்று அது வினவும். எம்.பீ.ஆர்., ஜீ.பீ.ரீ. என்னும் இரு முறைகளையும் அது காட்டும். முன்னையது 1983 ஆம் ஆண்டிலேயே தோன்றியது. வழக்கமான அமைப்பில் ஏறத்தாழ 2.2 டெராபைற்றுக்கு மேல் அதனால் எண்ண இயலாது. 4 டெராபைற்று வன்தட்டை அம் முறையில் தொடக்கினால் ஏறக்குறையப் பாதி இடம் பயன்படாது கிடக்கும். ஆகவே, புதிய கணினியில் ஜீ.பீ.ரீ. முறையையே தெரிவுசெய்க. அதன்பின் பகுதியொன்றை ஆக்கி, அதற்கு எழுத்தொன்றும் பெயரொன்றும் சூட்டினால், அது உடனே பயனுக்கு வரும்.

அப்போது இன்னுமோர் ஐயம் எழும். 1 டெராபைற்று என்று விலை கொடுத்து வாங்கியது 931 கிகாபைற்று என்றே கணினி காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, இடமும் குறையவில்லை. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி எண்ணுகிறார். வின்டோஸ் 1024 இன் மடங்காக எண்ணுகிறது. ஒரே தூரத்தை மைலிலும் கிலோமீற்றரிலும் சொல்வது போன்ற வேறுபாடே இது.

புதிய சேமிப்பகத்துக்குச் சொன்ன இம் முறை, பழைய கணினியிலிருந்து கழற்றி எடுத்த வன்தட்டுக்கு எவ்வாற்றானும் பொருந்தாது. இதனை நேயர்கள் நன்றாக மனத்திற் பதித்தல் வேண்டும். பழைய வன்தட்டில் உள்ளவற்றைப் புதிய கணினி உடனே வாசிக்கக் கூடும். வாசிக்காதவிடத்து, தொடக்கி வைக்கலாமா, அமைத்துத் தரலாமா என்று அது வினவக்கூடும். அவ்வினாவுக்கு ஆம் என்று விடையிறுத்தால், பழைய வரம்புகள் அழிந்து, அதிலிருந்த யாவும் கண்ணுக்கு மறைந்துபோகும். அங்கே சரியான விடை, இல்லை என்பதே. வடம் சரியாகப் பொருந்தியுள்ளதா, வன்தட்டு நலமாக உள்ளதா, மறைகுறியாக்கம் செய்யப்பட்டுள்ளதா என்பனவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும். இக்காலத்து வின்டோஸ் கணினிகள் பலவற்றில், உரியவர் கேளாமலே சேமிப்பகம் பூட்டிட்ட நிலையில் இருக்கும். அதனைத் திறப்பதற்கு 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோல் ஒன்று வேண்டும். பழைய கணினியைப் பிரிக்குமுன், அது இயங்கிக்கொண்டிருக்கும்போதே அத் திறவுகோலை எழுதி வைத்துக்கொள்ளல் அறிவுடைமை.

பழைய வன்தட்டைப் புதிய கணினியின் மேலதிகக் களஞ்சியமாகவே வைத்துக்கொள்ளலாமா என்று வினவுவாரும் உளர். வைத்துக்கொள்ளலாம்; ஆனால் எல்லாவற்றையும் அதில் ஒப்படைக்கலாகாது. சுழலும் உறுப்புக்கு முதுமை உண்டு. கிறீச்சிடும் ஓசை, கோப்பைத் திறக்க எடுக்கும் நெடுநேரம், இடையிடையே காணாமற்போதல் ஆகியன அம் முதுமையின் அறிகுறிகள். ஆயினும், அறிகுறி எதுவும் காட்டாமலே ஒருநாள் நின்றுவிடுவனவும் பல. பல்லாண்டு உழைத்த வன்தட்டை மீண்டும் பெற்றுக்கொள்ளத்தக்க பொருள்களுக்கே பயன்படுத்துதல் தக்கது.

இவ்விடத்திலேயே மூன்றாவது வினா எழுகின்றது. வைத்ததற்குப் பிரதி உண்டா?

மேலதிகச் சேமிப்பகம் வாங்கியதும் நம்மிற் பலர் செய்வது யாது? கணினியிலுள்ள படங்கள் யாவற்றையும் புதிய வன்தட்டுக்கு மாற்றுவோம். இடம் வேண்டுமென்று பழைய இடத்தில் உள்ளவற்றை அழிப்போம். இனிப் பத்திரமாக உள்ளன என்று மனம் ஆறுவோம். உண்மையில் நடந்தது என்ன? முன்பு ஓரிடத்தில் இருந்த ஒரே பிரதி இப்போது வேறோரிடத்தில் ஒரே பிரதியாகவே இருக்கின்றது. இடம் பெருகியது, காப்புப் பெருகவில்லை. மாற்றி வைத்தல் வேறு, பிரதி செய்து வைத்தல் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதே வீட்டுக் கணினிகளில் நேரும் பேரிழப்புகளுக்கு மூலமாகும்.

இரு வன்தட்டுகளில் ஒரே வேளையில் ஒன்றையே எழுதும் கண்ணாடி முறை ஒன்று உண்டு. 1988 ஆம் ஆண்டில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்து ஆய்வாளர் மூவர் வெளியிட்ட கட்டுரையால் ‘றெயிட்’ எனப் பெயர்பெற்ற ஏற்பாட்டில் இஃது ஒரு வகை. ஒரு தட்டு பழுதானாலும் மற்றையது வேலையைத் தொடரும் என்பது இதன் நன்மை. எனினும், தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் ஒரே கணத்தில் அது அழியும். 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘வன்னாகிறை’ என்னும் தீய மென்பொருள் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. அத்தகைய நச்சுநிரலுக்குக் கணினியோடு எந்நேரமும் இணைந்திருக்கும் சேமிப்பகம் முதலாவது ஆயினும் இரண்டாவது ஆயினும் ஒன்றே. இடிமின்னல் மின்கம்பி வழியே இறங்கினால், ஒரே பெட்டியினுள் இருப்பன எல்லாம் ஒருங்கே போகும். பருவக்காற்றுகளின் இடைக்காலங்களில் இடிமின்னல் மிகும் நம் நாட்டில் இஃது எளிதாக ஒதுக்கத்தக்க அச்சம் அன்று. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஒருநாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின் அறுந்தால், எழுதப்படும் கோப்பு சிதைவதற்கு இடமுண்டு.

ஆகவே, அறிந்தோர் கூறும் எளிய விதி இது: மூன்று பிரதிகள், இரு வகையான ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே. மூலம் கணினியில் இருக்கட்டும். இரண்டாவது பிரதி யூ.எஸ்.பீ. வழியே இணைக்கும் புற வன்தட்டில் இருக்கட்டும். பிரதி செய்து முடிந்ததும் அதனைக் கழற்றி அலுமாரியில் வைக்க. மூன்றாவது பிரதி வேறூரிலுள்ள சகோதரியின் வீட்டிலோ, இணையவழிச் சேமிப்பகத்திலோ இருக்கட்டும். திண்மநிலைச் சேமிப்பகத்தை மின்னின்றிப் பல்லாண்டு அலுமாரியில் வைத்திருத்தல் நன்றன்று. சிறைப்படுத்திய மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசிந்துபோகும். நெடுங்காலம் வைப்பதற்கு வன்தட்டே ஏற்றது. அதனையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இணைத்து, சில கோப்புகளைத் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பாராத பிரதியைப் பிரதி என எண்ணி நம்பலாகாது.

ஒற்றைப் பிரதியின் துயரத்தை நம் நாட்டவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கேனும் பிரதி இருந்த நூல்களை அன்பர்கள் தேடிப்பெற்று மீண்டும் அடுக்குகளில் வைக்க இயன்றது. பிரதியில்லாத ஓலைச்சுவடிகளை எவராலும் மீட்க இயலவில்லை. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது, கரையோரக் குடும்பங்கள் பல உற்றாரை இழந்ததோடு அவர்களின் முகத்தைக் காட்டும் படங்களையும் இழந்தன. உறவினர் வீட்டு அல்பத்தில் ஒட்டியிருந்த ஒரு படமே சிலருக்கு எஞ்சியது. 2005 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் எண்ணிமப் பிரதி செய்து எவரும் வாசிக்க வழங்கிவரும் ‘நூலகம்’ என்னும் முயற்சியின் அடிப்படையும் இதுவே: ஓரிடத்தில் மாத்திரம் இருப்பது அழியக்கூடும், பலவிடங்களில் இருப்பது எளிதில் அழியாது. ஒரு சமூகத்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை ஒரு குடும்பத்துக்கும் பொருந்தும். நம் வீட்டுக் கணினியில் உள்ள காணி உறுதியின் படமும், மறைந்த பெரியவரின் குரற்பதிவும், பிள்ளையின் முதற் பள்ளி நாட் படமும் வேறெந்த நூலகத்திலும் இல்லை.

ஆதலால் நேயர்களே, புதிய கணினிக்கு மேலதிகச் சேமிப்பகம் வாங்கக் கடைக்குச் செல்லும்போது ஒன்றுக்குரிய பணத்தோடு செல்லாதீர்கள். இரண்டுக்குரிய பணத்தோடு செல்லுங்கள். ஒன்றைப் பெட்டியினுள் பூட்டுங்கள். மற்றதைப் பிரதிக்கென வெளியே வையுங்கள். பணம் ஒன்றுக்கே போதுமாயின், அது பிரதிக்கு உரியதாகட்டும். இடம் நெருக்கமாயிருப்பதை இன்னும் சில மாதம் பொறுத்துக்கொள்ளலாம். வேண்டாத கோப்புகளை நீக்கி இடம் செய்துகொள்ளலாம். ஒற்றைப் பிரதி போய்விட்டாற் பொறுத்திருந்து பயனில்லை. விதைநெல்லை உண்ணும் நெல்லோடு கலந்து வையாமல் வேறாகக் கட்டித் தூக்கிவைத்த முறை நம் முன்னோருடையது. களஞ்சியம் எத்துணைப் பெரிதாயினும் அவர்கள் அந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. கணினிக் களஞ்சியத்துக்கும் அதே வழக்கத்தைக் கைக்கொள்வோமாக.